பாவற்காய்ப் பால்கறியும் என் தபசுகாலமும்

எனக்கு இருபத்துமூன்று வயதாக இருந்தபோது, ஒரு தபசுகாலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் ஒரு பொய்கூடச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். பதினேழு நாள்தான் முடிந்தது. பதினெட்டாம் நாள், இந்த யோசனையைத் தந்த எங்கள் பங்குச் சுவாமியாரே போதும் என்று நிறுத்திவிட்டார்.

தொடங்கியது சாம்பல் புதன் காலையில், பாவசங்கீர்த்தனத்தில். மாதம் ஒரு தடவை மரத்தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்து நான் ஒரே பட்டியலைத்தான் ஒப்புவிப்பேன். கோபப்பட்டனான், பூசைக்குப் பிந்தி வந்தனான், பொய் சொன்னனான். சுவாமியாரும் வழக்கமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அன்று அவருக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது.

“என்ன பொய் சொன்னனீர்?” என்று கேட்டார்.

“ஞாபகம் வரேல்லை, சுவாமி.”

“ஒண்டாவது?”

“இல்லை, சுவாமி.”

“அப்ப, பொய் சொன்னனான் எண்டு இப்ப சொன்னது பொய்யோ?”

தட்டிக்கு அப்பாலிருந்து பெருமூச்சு ஒன்று கேட்டது.

“உமக்கு இந்தத் தபசுக்கு வேறை ஒறுத்தல் வேண்டாம். படம் பாரும், சிகரெட் பத்தும். பொய் மட்டும் சொல்லாதையும். சின்னப் பொய்யும்தான்.”

இது மிகச் சுலபம் என்று நினைத்துக்கொண்டு எழும்பினேன். என்னை நான் ஒரு நேர்மையான மனிதன் என்று நம்பியிருந்த காலம் அது. சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர் வேலை. வீட்டில் அப்பாவும் அம்மாவும் நானும்தான். அப்பா டொக்யாட்டில் இழுவைப் படகின் இயந்திரக்காரர். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்தப் படகை அவர்தான் உயிரோடு வைத்திருந்தார்.

முதல் நான்கு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடங்களில் ஞாயிறு விடுமுறை இல்லை. அமாவாசை, பௌர்ணமி, அட்டமி என்று வருகிற போயா நாளும் அதற்கு முதல் நாளும்தான் லீவு. ஆகவே விடியற்காலைப் பூசை முடிந்ததும் எல்லாரும் வேலைக்கு ஓடவேண்டும். நானும் ஒழுங்கையால் விரைந்து நடந்துகொண்டிருந்தேன். எங்கள் எதிர்வீட்டு அக்கா தன் கேற்றுக்குள் நுழைந்துகொண்டே திரும்பிப் பார்த்து, “என்ன தம்பி, சாப்பிட்டாச்சோ?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு ஒழுங்கு இருந்தது. கேட்டவுடன் “ஓம், இப்பதான்” என்று சொல்லவேண்டும். “சும்மா சொல்லாதையும், வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுப் போம்” என்று அவர் சொல்லவேண்டும். “இல்லை அக்கா, உண்மையா வயிறு நிறைஞ்சிருக்கு” என்று நாம் சொல்லவேண்டும். இவ்வளவும் சொல்லி முடிய, அந்த வீட்டு வேலியைத் தாண்டியிருப்போம். ஒருவரும் நிற்கமாட்டார்கள். ஒருவரும் உண்பதும் இல்லை.

நான் நின்றேன். “இல்லை அக்கா, ஒண்டும் சாப்பிடேல்லை. சரியான பசி” என்றேன்.

அக்காவின் கை கேற்றுக் கொளுக்கியிலேயே நின்றுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் குசினிப் பக்கம் பார்த்தார்.

“அப்ப... வாருமன்” என்றார்.

உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். தட்டில் புட்டும் சம்பலும் வந்தன. சாப்பிட்டு முடிகிற நேரம், “இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்று கேட்டார். அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால் எனக்குப் பசி தீரவில்லை. “ஓம், போடுங்கோ” என்றேன். அவர் பானையைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியில் குளித்துவிட்டு அவருடைய கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். வேலைக்கு நேரமாகிவிட்ட அவசரம். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெறும் பானையைப் பார்த்தார்.

“தம்பிக்குப் பசியாம்” என்றார் அக்கா.

“ஓம், நல்லது நல்லது. நான் இப்பதான்...” என்று தொடங்கிய அவர், எழும்பி வந்த தன் வீட்டிலேயே எங்கே இப்போதுதான் சாப்பிட்டார் என்று சொல்லத் தெரியாமல் நிறுத்திக்கொண்டார். வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அதற்குப் பிறகு அந்த அக்கா என்னைக் கண்டால் “வெயில் கூடத்தான் என்ன?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கிழமை எனக்கு வயிற்றோட்டம் பிடித்தது. மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நேரம் பஸ் தரிப்பிடத்தில் தெரிந்த ஒரு பெரியவர், “என்ன, தூரமோ?” என்றார். வெளிக்கிடுகிறவனை எங்கே என்று கேட்பது சரியில்லை என்பதால்தான் தூரமோ என்று கேட்பார்கள். “இல்லை, உதிலை, பக்கத்திலைதான்” என்றால் போதும். சீனாவுக்குப் போகிறவனும் உதிலை என்றுதான் சொல்வான். நான் விடிந்ததிலிருந்து எத்தனை தரம் வளவின் பின்பக்கம் ஓடினேன் என்பது வரை சொன்னேன். அவர் குடையை விரித்துக்கொண்டு இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். மழை இல்லை.

அலுவலகத்தில் இன்னொரு சங்கடம் காத்திருந்தது. எங்கள் பெரிய கிளாக்கர் ஒரு மாதமாக மீசை வளர்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் எடுத்த முடிவு. ஒவ்வொருவராக அவர் மேசைக்குப் போய், “ஐயா, கம்பீரம்” என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நான் மட்டும் கோப்புகளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடமாடினேன். வாயைத் திறக்காவிட்டால் பொய்யும் வராது என்பது என் கணக்கு.

ஆனால் சும்மா இருக்கவும் விடமாட்டார்கள். ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

“எல்லாரும் சொல்லிப்போட்டினம். நீர்தான் ஒண்டும் சொல்லேல்லை. என்ன மாதிரி இருக்கு?”

“ஐயா, இடப்பக்கம் வந்திருக்கு” என்றேன்.

“பிறகு?”

“வலப்பக்கம் இன்னும் வரேல்லை.”

அவருடைய கை மெதுவாக வலப்பக்கத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் தட்டுப்படாததை அவர் அப்போதுதான் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். மறுநாள் இரண்டு பக்கமும் மழித்துக்கொண்டு வந்தார். ஒரு கிழமைக்கு என்னுடைய கோப்புகள் பியூனின் கையால்தான் வந்தன, அதுவும் மேசையில் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டன.

ஆனால் சந்தையில் அவருடைய மனைவியைக் கண்டபோது, அந்த அம்மா தன் மீன் கூடையை நிலத்தில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீரோ அந்தத் தம்பி? ஒரு மாசமா நான் சொல்லேலாமல் கிடந்தனான். நல்லா இருப்பீர்” என்றார். இரண்டு பாரை மீனும் தந்தார். இதைக் கேட்டதும் எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. உண்மை பேசுகிறவனால் ஊருக்கு நன்மை என்று நினைத்துக்கொண்டு, மூன்றாவது வெள்ளிக்கிழமையில் போய் விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பாவற்காய்ப் பால்கறி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அப்பாவுக்கு உயிர் என்று அம்மா வளவின் பின்பக்கம் பந்தல் போட்டு, தானே தண்ணீர் ஊற்றி, தானே பூச்சி பார்த்து வளர்த்த பாவற்காய். மற்றக் கறிகள் எல்லாம் அம்மாவின் கையில் நல்லாக வரும். இந்தக் கறி மட்டும் கசக்கும். தேங்காய்ப்பால் விட்டால் கசப்புக் குறையும் என்பார்கள். அம்மாவின் கறியில் தேங்காய்ப்பாலும் கசந்தது. அதைப் பெரிய சட்டியில் ஆக்கி, மூடி போட்ட எனாமல் கிண்ணங்களில் ஊற்றி, ஒழுங்கையில் மூன்று வீடுகளுக்கு அனுப்புவார். எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்று. பக்கத்து வீட்டு ரீச்சருக்கு ஒன்று. மூலையில் தனியாக இருந்த டொக்யாட்டுப் பழைய காவல்காரருக்கு, ஆகச் சின்னக் கிண்ணத்தில் ஒன்று. ஏனென்றால் அக்காவும் ரீச்சரும் “அருமை, அருமை” என்பார்கள். காவல்காரர் மட்டும் “ம், பரவாயில்லை” என்பார். அந்தப் பரவாயில்லை அம்மாவுக்குப் பிடிப்பதில்லை.

முதல் இரண்டு வெள்ளியும் எப்படியோ தப்பினேன். ஒரு நாள் பிந்தி வந்தேன். மற்ற நாள் அம்மா கேட்ட நேரம் வாயை நிறைத்து வைத்திருந்தேன். மூன்றாவது வெள்ளி போயா. அப்பாவும் நானும் மத்தியானம் வீட்டில். கிண்ணங்கள் மூன்றும் போய்விட்டன. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா அகப்பையோடு நின்றார்.

“இண்டைக்குக் கசப்புக் குறைவு, என்ன தம்பி?”

“இல்லை அம்மா. கூட.”

“கூடவோ?”

“எனக்கு இந்தக் கறி சின்னனிலையிருந்தே பிடிக்காது, அம்மா.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு பெருந்தன்மையாக, “உனக்குப் பிடிக்காட்டிப் போகட்டும். அப்பாவுக்கெண்டுதானே ஆக்கிறனான்” என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். வாடைக்காற்றில் துறைமுக வாயிலில் படகில் நின்று பழகிய மனிதர், அந்தக் கலண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் போல அதையே பார்த்தார். அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

“இஞ்சாருங்கோ. நல்லாயிருக்குத்தானே?”

“பிழையில்லை.”

“பிழையில்லை எண்டால்?”

அப்பா சோற்றைக் குழைத்தார். குழைத்துக்கொண்டே இருந்தார்.

“கலியாணம் முடிச்ச முதல் கிழமை நீர் இதை ஆக்கினனீர். சட்டி சுட்டு, கையெல்லாம் கொப்பளம். அழுதுகொண்டு நிண்டு எப்பிடி இருக்கெண்டு கேட்டனீர். நான் வேறை என்னத்தைச் சொல்ல?”

“அப்ப, இவ்வளவு வருஷமும் விருப்பமாச் சாப்பிட்டனீங்கள்?”

“விழுங்கிறனான்” என்றார் அப்பா. “மெல்லுறதில்லை.”

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, “மாதாவே!” என்றார். “எனக்கு இந்தக் கறியின்ரை மணம் பிடிக்காது. ஒரு நாள்கூட நான் வாயிலை வைச்சதில்லை. உப்புக்கூடப் பாக்கிறதில்லை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தக் கறியில் ஏன் ஒரு வெள்ளி உப்பே இருக்காது, மறு வெள்ளி அள்ளிக்கொட்டியது போல இருக்கும் என்று. அப்பா கலண்டரை விட்டு அம்மாவைப் பார்த்தார். “அப்ப ஆருக்கு இதை ஆக்கிறம்?” என்றார்.

அம்மாவுக்கு ஒரு பிடிமானம் மிச்சம் இருந்தது. “சனம் விரும்பிச் சாப்பிடுது” என்றார். அப்பா மெதுவாக இருமினார். அந்த இருமல்தான் அம்மாவை எழுப்பியது. செருப்பைப் போட்டுக்கொண்டார். “நீயும் வா. நீதானே உண்மைக்காரன்” என்று என்னையும் இழுத்துக்கொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனார்.

அக்கா முகம் மலர வந்தார். “வாங்கோ அக்கா, வாங்கோ. உங்கட கறி இல்லாட்டி எங்களுக்கு வெள்ளிக்கிழமையே இல்லை.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “தம்பி, இவ சொல்லுறது உண்மையோ?”

கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் நான் ஏற்கெனவே கிணற்றடியைப் பார்த்துவிட்டேன். வாழைமரத்தடியில் அன்றைய கறி, பாலும் பாவற்காயுமாக, அப்படியே கிடந்தது. ஐந்தாறு கோழிகள் சுற்றி நின்றன. ஒரு சேவல் ஒரு துண்டை எடுத்து, உடனே கீழே போட்டு, அலகை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா, வாழையடியைப் பாருங்கோ” என்றேன்.

அம்மா பார்த்தார். அக்காவும் பார்த்தார். முதலில் வெட்கத்தில் சிவந்த அக்காவின் முகம் பிறகு கோபமாகிவிட்டது. “உங்கட மகன் வந்து எங்கட வீட்டுப் புட்டை முழுக்கச் சாப்பிட்டவர். என்ரை மனுசன் பசியோடை வேலைக்குப் போனவர். நான் உங்களிட்டை ஒரு வார்த்தை சொன்னனானோ?”

“நீயோ சாப்பிட்டனி?” என்றார் அம்மா.

“ஓம்” என்றேன். வேறு வழி எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கால் மணி நேரம் உண்மை பேசினார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா தரும் கேக்கை அறுக்க அப்பா மரம் அறுக்கிற வாளைத் தேடியது வெளியே வந்தது. அம்மா கோயிலில் பாடும்போது முன்வரிசை வாங்கிலில் இருப்பவர்கள் பின்னுக்குப் போவது வெளியே வந்தது. அக்காவின் புதுச் சீலையின் நிறம் என்ன நிறம் என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாதது வெளியே வந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரீச்சர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். விஷயம் என்னவென்று தெரிந்ததும், ஒருவரும் கேட்காமலே, “நான் வீசுறதில்லை, அக்கா! சத்தியமா வீசுறதில்லை! நான் மூலைவீட்டுக் காவல்காரருக்குக் குடுத்துவிடுறனான்” என்றார்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா அன்று பின்னேரமே கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தலை அடியோடு வெட்டினார். வெட்டும்போது அவர் சீட்டியடித்தது குசினி வரை கேட்டது.

மறுநாள் காலை நான் சுவாமியாரைத் தேடிப் போனேன். அவர் கோயில் வளவில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நடந்தது முழுவதையும் சொன்னேன். புட்டுக் கதைக்குச் சிரித்தார். மீசைக் கதைக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“உண்மை கசக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளும். நான் போன ஞாயிறு பிரசங்கத்திலையும் அதைத்தானே சொன்னனான். பிரசங்கம் எப்பிடி இருந்தது?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“சொல்லும், பயப்பிடாதையும்.”

“நீளம், சுவாமி.”

“எவ்வளவு நீளம்?”

“எனக்கு நடுவிலை நித்திரை வந்தது. முழிச்சுப் பாத்தன், நீங்கள் முடிக்கேல்லை. திரும்பவும் நித்திரையானன்.”

சுவாமியார் வாளியை எடுத்து ஏற்கெனவே நனைந்திருந்த செடிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினார். “உமக்கு இந்தப் பதினெட்டு நாள் காணும்” என்றார். “மிச்ச நாளுக்குச் சிகரெட்டை விடும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் ஒழுங்கை செத்த வீடு போல இருந்தது. கறி இல்லை, கிண்ணம் இல்லை. ரீச்சரின் கேற்றும் திறக்கவில்லை, அக்காவின் கேற்றும் திறக்கவில்லை. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் கிண்ணம் கொண்டுபோகிற சாட்டில் அம்மா அரை மணி நேரம் அங்கே நின்று கதைப்பார். வெறுங்கிண்ணம் கொண்டுவருகிற சாட்டில் அவர்கள் ஒரு மணி நேரம் இங்கே இருந்து கதைப்பார்கள். கறியை ஒருவரும் சாப்பிடாவிட்டாலும், அது இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. அம்மா கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வெள்ளி பின்னேரம் கேற்றில் தட்டும் சத்தம் கேட்டது. மூலைவீட்டுக் காவல்காரர் நின்றார். கையில் அவருடைய சொந்தக் கிண்ணம், பெரியது.

“ரெண்டு கிழமையாக் கறி வரேல்லை” என்றார். “ஆருக்கும் சுகமில்லையோ?”

ஒருவர் வீட்டு வாசலில் கிண்ணத்தோடு வந்து சாப்பாடு கேட்பது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியம் இல்லை. அம்மா திகைத்துப்போனார். “உங்களுக்குத்தான் அது பிடிக்கிறதில்லையே. பரவாயில்லை எண்டுதானே சொல்லுவியள்?”

“ஓம், பரவாயில்லை” என்றார் அவர். “நல்லாயிருக்கு. கிண்ணம்தான் சின்னன். ரீச்சர் தாறதையும் சேத்தால்தான் காணும்.”

இத்தனை வருடத்தில் அந்தக் கறியைச் சாப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். அம்மா அவரைக் கதிரையில் இருத்திவிட்டு என்னைச் சந்தைக்குத் துரத்தினார். பந்தல் இல்லாததால் பாவற்காய் வாங்கவேண்டியிருந்தது. நான் வந்ததும் சட்டியை ஏற்றினார். சிறிது நேரத்தில் அந்த மணம் வேலியைத் தாண்டிப் போயிருக்கவேண்டும். எதிர்வீட்டு அக்கா எங்கள் கேற்றில் வந்து நின்றார்.

“ஆக்கிறியள் போலை?”

“ஓம்” என்றார் அம்மா, திரும்பாமல். “உங்களுக்கில்லை. கோழியளுக்கும் இல்லை.”

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அம்மாவுக்கும் முடியவில்லை. அக்கா குசினிக்குள் வந்து பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “உப்பைப் பாத்தோ போட்டனீங்கள்?” என்று கேட்டார். அம்மா அகப்பையை நீட்டினார். “நீங்கள் பாருங்கோவன்.” “ஐயோ, எனக்கு ஏலாது” என்றார் அக்கா. கடைசியில் காவல்காரர்தான் குசினி வாசலில் நின்று, உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் போடலாம்” என்றார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குசினியில் உப்புப் பார்க்கிற வேலை அவருக்கே நிரந்தரமாகிவிட்டது. அவருக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் ஆக்கினார்கள். ரீச்சரும் வந்து இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்த முதல் பின்னேரத்தில் அப்பாவிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லி வைத்திருக்கவில்லை. லீவு நாளிலும் படகு வேலைக்குப் போய்ச் சைக்கிளில் வந்தவர் கேற்றடியில் ஒரு காலை ஊன்றி நின்றார். மூக்கைத் தூக்கினார். குசினிப் புகையைப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே மிதித்துக்கொண்டு போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, பின்கரியரில் பேக்கரியில் வாங்கிய இரண்டு பாணும் ஒரு டின் மீனும் இருந்தன.

“எனக்குப் பசியில்லை, வழியிலை சாப்பிட்டனான்” என்று தொடங்கினார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“இல்லை” என்றார் அப்பா. “பசிக்குது. இதைத் திறந்து தாரும்.”